பதினெட்டாவது குழாய்

2024 அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. வடகிழக்கிலிருந்து ஈரக்காற்று. மொட்டை மாடியில் நான் வைத்திருக்கும் மழைமானியில் நாற்பத்தொரு மில்லிமீட்டர். அதை நோட்டில் குறித்துக்கொண்டு பத்தொன்பது படியும் இறங்கி வந்தபோது, என் மனைவி கிணற்றடியில் எவர்சில்வர் சொம்பு ஒன்றை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“மோந்து பாருங்க.”

மோந்து பார்த்தேன். தாம்பரம் ரயில்வே யார்டில் முப்பத்து நான்கு வருடம் சரக்கு வண்டிகளின் பெட்டி எண்களைக் குறித்துக்கொண்டு நடந்தவன் நான். ஈரத்தோல், மீன் எரு, கோடையில் ஒன்பது நாள் நின்றுபோன வெங்காயப் பெட்டி எல்லாம் எனக்குத் தெரியும். சொம்பில் இருந்தது அவற்றில் எதுவும் இல்லை. சோப்பு, கொஞ்சம் டீசல், இவற்றுக்கு அடியில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பெயர் சொல்ல விரும்பாத ஒன்று. மேலே இரண்டு விரற்கடைக்கு நுரை.

“கிணறா?” என்றேன்.

“பின்ன, காவேரியா?”

இந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும். 1989இல் வெட்டியது. இருபத்து நான்கு சிமெண்ட் உறை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் மொத்தம் இருபத்திரண்டு வீடு. இருபத்தொரு வீட்டில் போர் போட்டார்கள், நான் மட்டும் கிணற்றோடு நின்றேன். போர்கள் ஒவ்வொன்றாக உப்புக் கரித்தன, பிறகு காற்று வாங்கின. கிணறு கொடுத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மே மாதமும் தெரு குடங்களோடு என் வாசலுக்கு வரும். போன மே மாதம் சராசரியாக நாளொன்றுக்கு அறுபத்தொரு குடம். நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் கேன் தண்ணீர் வாங்குகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். லாரிக்குப் போன் போடுகிறவர்களிடம், “ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு தண்ணீர் வாங்குகிறீர்களே” என்று நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறேன். முப்பத்தைந்து வருடத்தில் குடிக்கிற தண்ணீருக்கு நான் ஒரு பைசா கொடுத்ததில்லை என்பது, ஓய்வூதியத்துக்கு அடுத்தபடியாக, என் வாழ்க்கையில் நான் சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயமாக இருந்தது. நிறையப் பேரிடம் சொல்லியும் இருந்தேன்.

அந்தக் கிணறுதான் சொம்பில் நுரைத்துக்கொண்டிருந்தது.

எப்படி நேர்ந்தது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். தெரியாததுபோல் சொம்பை இன்னொரு முறை மோந்தேன். மனைவிக்கும் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். மூன்றடி ஆழம், இரண்டரை அடி அகலம், கான்கிரீட் சுவர், மேலே கான்கிரீட் பலகைகள். கட்டி முடிக்கும்வரை தினமும் போய் நின்று பார்த்தேன். நூற்று எழுபத்து நான்கு பலகை. ஏழு பலகைகளில் ‘மழைநீர் வடிகால்’ என்று எழுத்தைப் பதித்தே வார்த்திருந்தார்கள். வேலை சுத்தம். எங்கள் தெருவில் சேரும் மழை அதில் ஓடி, ஏரியில் விழுந்து, அங்கிருந்து கால்வாய் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும் என்றார்கள்.

போகும் என்பதுதான் என் மனதை அறுத்தது. மாடியில் விழும் மழையை நான் இருபது வருடமாகச் சேகரிக்கிறேன். கிணற்றோரம் ஒரு வடிகட்டும் தொட்டி: கீழே கருங்கல், அதன் மேல் கூழாங்கல், அதன் மேல் கரி, அதன் மேல் ஆற்று மணல். என் மாடித் தண்ணீர் ஒன்று மட்டும் கிணற்றுக்கு வர, மற்ற இருபத்தொரு மாடியின் தண்ணீரும் என் வாசல் வழியாகவே வடிகாலில் ஓடிக் கொக்குக்கும் நாரைக்கும் போகிறது. கணக்குப் போட்டேன். ஒரு நல்ல மழைக்கு அறுபத்தைந்தாயிரம் லிட்டர். இப்படி ஒரு எண் தெரிந்துவிட்ட பிறகு யாரால் தூங்க முடியும் என்று தெரியவில்லை. என்னால் முடியவில்லை.

எங்கள் பகுதியில் மோட்டார், குழாய் வேலை எல்லாவற்றுக்கும் ஒரு பாய் இருக்கிறார். மூன்று தெரு தள்ளிக் கடை. என் கிணற்று மோட்டாரை ஐந்து முறை பிரித்துச் சேர்த்தவர். ஜூன் மாதம் அவரைக் கூப்பிட்டு, வடிகாலின் பக்கச் சுவரில் துளை போட்டு, நான்கு அங்குலக் குழாய் பதித்து, என் வடிகட்டும் தொட்டிக்கு இணைக்கச் சொன்னேன். பாய் வடிகாலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வேணாம் சார். மாடித் தண்ணி போதும். தெருத் தண்ணி எதுக்கு?”

“இது தெருத் தண்ணி இல்ல பாய். மழைத் தண்ணி. பாருங்க, எழுதியே போட்டிருக்கான்.”

“எழுதியிருக்குது சார். என் கடை வாசல்லகூட ‘வண்டி நிறுத்தாதீர்’னு எழுதியிருக்குது. இப்ப போய்ப் பாருங்க, பதினோரு வண்டி நிக்குது.”

அறுபத்தைந்தாயிரம் லிட்டர் கணக்கை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“கணக்கு சரி சார். ஆனா உள்ள எவன் இன்னா வுடுறான்னு நமக்குத் தெரியாது.”

“பேர் என்ன? மழைநீர் வடிகால். கழிவுநீருக்கு வேற.”

“வேற எங்க கீது சார்?”

பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை என்பது உண்மைதான். வரும் என்று தாளில் இருந்தது. என் உத்தியோகம் முழுக்கத் தாளில் இருப்பதைக் கொண்டு நடந்தது. பெட்டியின் மேல் சிமெண்ட் என்று எழுதியிருந்தால் உள்ளே சிமெண்ட். நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அந்தப் பழக்கத்தில் கான்கிரீட்டில் பதித்த இரண்டு சொல்லை நம்பினேன். பாய் வேலையை முடித்துவிட்டு, “நான் சொன்னேன்னு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க” என்று போனார்.

ஆகஸ்டில் சிறு மழைகளுக்கே கிணறு இரண்டு உறை ஏறியது. அதையும் நிறையப் பேரிடம் சொன்னேன்.

அக்டோபர் 22க்கு வருகிறேன். ஒன்பதே முக்காலுக்குப் பாய் வந்தார். சொம்பை முகத்துக்குக் கொண்டுபோகாமலே ஓரடித் தூரத்தில் வைத்து மோந்தார்.

“ஒரு வூட்டு வாசனை இல்ல சார் இது. ஏழெட்டு வூடு இருக்குது.”

முதலில் என் குழாயின் வாயில் கோணிச்சாக்கை அடைத்தார். பிறகு கடப்பாரையால் வாசலுக்கு எதிரிலிருந்த ஒரு பலகையை நெம்பினார். மழை நின்று ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. வடிகாலில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது கறுப்பு. அதன் மேல் ஆயுத பூஜைக்கு உடைத்த பூசணிக்காய் ஓடு ஒன்று குங்குமத்தோடு மிதந்து போனது. எதிர்ச்சுவரில், எதிர் வீட்டுப் பக்கமிருந்து, ஆறு அங்குலக் குழாய் ஒன்று எட்டிப் பார்த்தது. அதிலிருந்து நிதானமாக விழுந்துகொண்டிருந்தது மழை இல்லை.

எதிர் வீட்டுக்காரரின் அப்பாவிடம்தான் நான் இந்த மனையை வாங்கினேன். அப்போது அவர்களுக்கு இங்கே நெல் வயல். இப்போது நாலு மாடி, எட்டுக் குடித்தனம், கீழே ஒரு பிரியாணிக் கடை. நல்ல மனிதர். விசேஷத்துக்கு முதல் பத்திரிகை எனக்குத்தான் வைப்பார். பலகை நெம்பிய சத்தம் கேட்டு லுங்கியோடு வந்தார்.

“இன்னா சார், காலங்காத்தால தோண்டிகினு கீறீங்க? எதுனா வுயுந்துச்சா?”

“விழுந்துகிட்டுதான் இருக்கு. இந்தக் குழாய் எது?”

குனிந்து பார்த்தார். தன் வீட்டுக் குழாயைப் பல நாள் கழித்துப் பார்க்கிற பாசம் முகத்தில் தெரிந்தது.

“நம்புளுதுதான் சார்.”

“இது மழைநீர் வடிகால்.”

“மழயிலதான சார் வுடுறோம்?”

அவரே ஒளிவுமறைவின்றி விளக்கினார். எட்டுக் குடித்தனத்துக்குச் செப்டிக் டேங்க் மாதம் ஒருமுறை நிறைகிறது. லாரிக்காரன் கூப்பிட்டால் நாலு நாள் கழித்து வருகிறான். மழையோ சொல்லாமலே வருகிறது. அது பெய்யும்போது டேங்கில் மோட்டாரைப் போட்டுவிட்டால் வாசனை தெரியாது, நிறம் தெரியாது, காலையில் எல்லாம் ஏரிக்குப் போயிருக்கும்.

“நா மட்டுமா சார்? தெருவே வுடுது. மழ சும்மாதான வருது? லாரி சும்மா வருமா?”

ஐப்பசியின் முதல் கனமழை எங்கள் தெருவுக்கு முகூர்த்தம் என்பதை முப்பத்தைந்து வருடம் குடியிருந்த பிறகு அன்றுதான் தெரிந்துகொண்டேன். மழை வலுத்ததும் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடுகிற சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். பாவம், சம்ப்புத் தொட்டியில் வெள்ளம் புகுந்துவிட்டதுபோல, இறைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு போர்வையை இழுத்திருக்கிறேன்.

தெருவே என்று பொதுவாகச் சொன்னால் எனக்குப் போதாது. எத்தனை என்று தெரிய வேண்டும். மறுநாளிலிருந்து மூன்று காலை, ஆறு மணி முதல் எட்டு வரை, டார்ச்சும் நோட்டும் எடுத்துக்கொண்டு நடந்தேன். முப்பதடிக்கு ஒரு இடத்தில் தண்ணீர் இறங்கச் சந்து விட்டிருக்கிறார்கள். அதில் டார்ச்சை நீட்டிக் குனிந்தால் இரண்டு பக்கமும் தெரியும். யார்டில் பெட்டிகளைக் குறித்த மாதிரியே குறித்தேன்: வரிசை எண், விட்டம், வருகிற பொருள். பதினைந்து வீட்டிலிருந்து பதினேழு குழாய். இரண்டு வீட்டில் இரண்டிரண்டு. மூன்று குழாய் துணி துவைக்கிற தண்ணீர் மட்டும். இவர்களை நான் அந்த வாரம் ஏறக்குறைய மகான்களாகவே கருதினேன். ஒன்று பிரியாணிக் கடையின் பாத்திரம் கழுவுகிற எண்ணெய். மற்றவை மற்றவை. இவை தவிரக் குழாய் இல்லாமலே இறங்குகிறவை: தெருமுனையில் பைக் பழுது பார்க்கும் இடத்தின் கறுப்பு எண்ணெய், சாலையின் டயர்த் தூள், காரைத் தேய்த்துக் கழுவிய ஷாம்பூ, நாற்பத்து மூன்று நொறுக்குத் தீனிக் கவர். நாய்கள் இட்டதை எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் ஏரிவரை நடந்தேன். வடிகால் விழுகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு நுரை. அதன் ஓரத்தில் ஒருவர் பெரிய கேமராவோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாரையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். மூச்சைப் பிடித்தது நாரைக்காகத்தான் என்று நினைக்கிறேன். அந்த நாரை நின்றிருந்தது எங்கள் தெருவின் முதல் மழையில்.

மாநகராட்சி அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். பார்க்க வந்த அதிகாரி மரியாதையான மனிதர். கையில் வரைபடம். பலகையில் பதித்த எழுத்தைப் போன் எடுத்துப் படம் பிடித்தார்.

“டிராயிங்ல பைப் எதுவும் இல்லையே சார்.”

“டிராயிங்கில் இல்லை. சுவரில் இருக்கிறது. பாருங்கள்.”

“இது ஸ்டார்ம் வாட்டர் சார். இதுல செப்டிக் வர வாய்ப்பே இல்ல.”

அவரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. நான்கு மாதத்துக்கு முன் இருந்த நானேதான் எதிரில் நின்றேன். கடைசியில் வடிகால் சந்தில் எட்டிப் பார்த்து, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்து, குடியிருப்போர் தாங்களாகவே மூடிக்கொள்வது நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையார் கோயில் ஷெட்டில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். வழக்கமாக ஆறு பேர் வருவார்கள். மிக்சர் உண்டு என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டதால் பத்தொன்பது பேர். முதலில் நாய்கள், பிறகு வேகத்தடை, பிறகு ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பில் நான். எழுந்து நோட்டைப் பிரித்து, பதினேழு குழாயையும் வரிசை எண், வீடு, விட்டம், பொருள் சகிதம் படித்தேன். யாரும் மறுக்கவில்லை. மிக்சர் கொறிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எதிர் வீட்டுக்காரர்தான் கையைத் தூக்கினார்.

“எல்லாம் கரெக்டு சார். பதினெட்டாவது ஒண்ணு வுட்டுட்டீங்களே.”

“எது?”

“உங்க வூட்டாண்ட நாலு இஞ்சு ஒண்ணு கீது. அன்னிக்கு பலகைய தூக்குனப்ப நானே பாத்தேன்.”

“அது வெளியே விடுகிற குழாய் இல்லை. உள்ளே எடுக்கிற குழாய்.”

கூட்டம் அதைப் புரிந்துகொள்ளச் சில விநாடி ஆனது. பின் வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு மிக்சர் தட்டுகளே ஆடின.

“அப்ப நாங்க வுட்டத நீங்க எடுத்துக்கினீங்க.”

“மழை நீர் என்று நினைத்து எடுத்தேன்.”

“கேட்டுட்டு எடுத்திருக்கலாமே சார். நாங்க கால்வாக்குத்தான் வுட்டோம். உங்களுக்கு வேணும்னா நேரா வூட்டுக்கே லைன் குடுத்திருப்போம்.”

பத்தொன்பது பேரில் பதினெட்டு பேர் சிரித்தார்கள். சிரிக்காதது நான். என் மனைவி பெண்கள் வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளையும் சேர்த்துத்தான் எண்ணினேன். தீர்மானம் ஒன்றும் போடவில்லை. ‘பதினெட்டாவது குழாயை மூடினால் மற்றவற்றை யோசிக்கலாம்’ என்று வாய்மொழியாக முடிவானது.

மறுநாளே பாயைக் கூப்பிட்டு என் குழாயைச் சிமெண்ட் வைத்து மூடினேன். வடிகட்டும் தொட்டியைத் தோண்டி மணலும் கரியும் எடுத்துக் கொட்டினோம். மணல் எந்த நிறத்தில் இருந்தது என்று எழுதப் போவதில்லை. கிணற்றை முழுக்க இறைத்து, உறைகளைத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு வாரம் விட்டு, சுத்தமான பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். மூன்றாம் நாள் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“சார், சாம்பிள்ல லொகேஷன் எழுதல. எந்தக் கால்வாய்ல எடுத்தீங்க?”

பாய் தலையைச் சொறிந்தார். குழாயை மூடியது சரி, ஆனால் வடிகாலின் அடித்தளம் என் கிணற்றிலிருந்து பதினோரு அடி தூரத்தில்தான் இருக்கிறது, கான்கிரீட்டில் இணைப்புக்கு இணைப்பு கசிகிறது என்றார். “நீங்க வாய மூடிட்டீங்க சார். தெரு மூடல. அந்தப் பதினேழும் நின்னாத்தான் கெணறு பொழைக்கும்.”

நவம்பரில் இன்னும் மூன்று கனமழை. மூன்று முறையும் மோட்டார்ச் சத்தம். இப்போது போர்வையை இழுக்க முடியவில்லை. எந்த வீட்டு மோட்டார் என்று அடையாளம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

வீடு வீடாகப் போய்ப் பேசினேன். எல்லோரும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். முதலில் எதிர் வீடு மூடட்டும் என்றார்கள். எதிர் வீட்டுக்காரர், முதலில் மற்றவர்கள் மூடட்டும், தனக்கு எட்டுக் குடித்தனம் என்றார். பதினைந்து காப்பியும் கேன் தண்ணீரில் போட்டது. குடித்துவிட்டு வந்தேன்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். சரக்குப் பெட்டியில் எண் அழிந்திருந்தால் நாங்கள் வெள்ளை அடித்து எழுதுவோம். ஒரு வெள்ளை பெயின்ட் டப்பாவும் இரண்டு பிரஷும் வாங்கினேன். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, எந்த வீட்டுக்கு எதிரில் குழாய் இருக்கிறதோ அந்தப் பலகையின் மேல் மூன்று அங்குல உயரத்தில் எண் மட்டும் எழுதிக்கொண்டே போனேன். ஒன்று, இரண்டு, மூன்று. விளக்கம் இல்லை, வசை இல்லை. பதினேழு முடிந்ததும் பிரஷைக் கழுவப் போனேன்.

“நம்ம வீட்டுக்கும் போடுங்க” என்றாள் மனைவி.

“நம்முடையதைத்தான் மூடியாகிவிட்டதே.”

“போட்டுட்டு அடிங்க. அப்பதான் இது என்ன நம்பர்னு அவங்களுக்குப் புரியும்.”

பதினெட்டு என்று எழுதி, அதன் மேல் சிவப்பில் ஒரு கோடு அடித்தேன். இந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன், வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை.

எண்ணுக்கு இருக்கிற சக்தி புகாருக்குக் கிடையாது. வருகிறவர் போகிறவர் எல்லோரும் கேட்டார்கள். தெருவை அகலப்படுத்தப் போகிறார்களா, இடிக்கப் போகிறார்களா, ஏன் பக்கத்து வீட்டுக்கு எண் இல்லை. ஏழாம் எண் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “இது இன்னா நம்பர்?” என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் என்னவோ சொல்லிச் சமாளித்திருக்கிறார். மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வாசலில் நின்றார்.

“சார், அடைச்சாச்சு. வந்து பாத்துட்டுக் கோடு போட்டுடுங்க.”

டார்ச்சோடு போய்ப் பார்த்து, உறுதி செய்துகொண்டு, சிவப்புக் கோடு போட்டேன். பொங்கலுக்குள் என்னுடையதையும் சேர்த்துப் பதினொன்றில் கோடு விழுந்தது. எண் பலகையோடு பொங்கலுக்கு யாரும் நிற்க விரும்பவில்லை. வெள்ளையடிக்கிற வேலையோடு இதையும் முடித்துக்கொண்டார்கள். மீதி ஏழு. அதில் தலையானது நாலாம் எண், எதிர் வீடு, ஆறு அங்குலம்.

அவர் வீட்டு வாசலில் ஒருநாள் காலை பார்த்தால், என் வெள்ளை நாலின் மேல் நீல நிறத்தில் அழகாக நாலு எழுதி, சுற்றிலும் மஞ்சளில் கட்டம் போட்டிருந்தது.

“நீங்க எயுதுனது கொஞ்சம் கோணலா இருந்துச்சு சார்” என்றார். “இப்ப கூரியர்காரன், சோத்துப் பார்சல்காரன் எல்லாம் நாலாம் நம்பர் வூடுன்னா கரெக்டா வந்துர்றான். மின்னாடி எல்லாம் தேடிகினு உங்க வூட்டு மணியத்தான் அடிப்பான்.”

இப்படிப்பட்ட மனிதரைத் தோற்கடிப்பது எப்படி என்று எந்த அலுவலகத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஜனவரியில் இரண்டாவது முறை கிணறு இறைத்தோம். மார்ச்சில் மூன்றாவது முறை. மார்ச் பரிசோதனையில் எண்ணெய் இல்லை, சோப்பு இல்லை, நிறம் இல்லை, வாசனை இல்லை. கிருமி மட்டும் இருந்தது. கண்ணுக்குக் கிணறு பழையபடி ஆகிவிட்டது, அதுதான் ஆபத்து. பாய் கண்ணாடி டம்ளரில் தண்ணீரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“துணி துவைங்க, செடிக்கு ஊத்துங்க. வாயில மட்டும் வைக்காதீங்க சார். இன்னும் ரெண்டு மழ போவட்டும். அதுக்குள்ள அந்த ஏழும் நிக்கணும்.”

“நிக்குமா?”

“அதுக்கு நான் பைப் போடுறவன் சார். ஜோசியம் பாக்குறவன் இல்ல.”

ஏப்ரல் பிறந்ததும் போர்கள் வழக்கம்போல் மூச்சுத் திணறின. குடங்கள் வரும் என்று எனக்குத் தெரியும். பலகை ஒன்று எழுத வைத்தேன்: ‘இந்தக் கிணற்று நீர் குடிக்க ஏற்றதல்ல.’ நல்ல எழுத்து. கிணற்றுச் சுவரில், கண் மட்டத்தில் மாட்டினேன்.

ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகாலுக்கு முதல் குடம் வந்தது. எதிர் வீட்டில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பெண். இரண்டு குடம் கொண்டுவந்திருந்தாள். பலகையைப் படித்தாள். படித்துவிட்டுக் கப்பியில் கயிற்றைப் போட்டாள்.

“அம்மா, அதைப் படிக்கலையா?”

“படிச்சேன் சார்.”

“குடிக்கக் கூடாது.”

வாளி கீழே போய்த் தண்ணீரைத் தொட்டு, நிறைந்து, மேலே வந்தது. அவள் கை நிறைய அள்ளிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது.

“எவ்ளோ சுத்தமா கீது. எயுதி வெச்சிட்டா ஆச்சா சார்? தெருவுலகூடத்தான் மழைத் தண்ணி கால்வான்னு எயுதிக்கிறாங்க.” குடத்தில் ஊற்றிக்கொண்டே சொன்னாள். “பெரியவருக்குத் தண்ணி குடுக்க மனசு இல்லன்னா சொல்லிட்டாப் போவுது. போர்டு எதுக்கு? போன வருசமெல்லாம் குடுத்தீங்களே.”

என் மனைவி சமையலறை ஜன்னலில் நின்றாள்.

“நிஜமாவே நல்லா இல்லம்மா. டெஸ்ட் பண்ணியிருக்கேன்.”

“கொய்ந்தைக்கு மட்டும் ஒரு கொடம் சார். மீதி வூட்டு வேலைக்கு.”

அவள் இருக்கும் வீட்டுக் குழாயின் விட்டம், எண், பொருள் எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. எடுத்துக் காட்டியிருக்கலாம். அவள் வாடகைக்கு இருப்பவள், குழாய் அவளுடையதில்லை. எழுத்தைப் படித்துவிட்டு நம்பாமல் வாளியைக் கையில் எடுத்த அவள், படித்துவிட்டு நம்பிய என்னைவிட அறிவாளி. என்ன, இந்த ஒருமுறை மட்டும் எழுத்து உண்மையாக இருந்தது.

குடத்தை நானே கையிலிருந்து வாங்கி, செடிப் பாத்தியில் கவிழ்த்தேன். முப்பத்தைந்து வருடத்தில் இந்தக் கிணற்றடியிலிருந்து காலிக் குடத்தோடு போன முதல் ஆள் அவள்தான். போகும்போது வாசலில் நின்று, தெருவுக்குக் கேட்கிற குரலில், “வயசானா மனசும் சுருங்கிப் போவுது” என்றாள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு கேன் எடுத்துக்கொண்டு என் மனைவி அவள் பின்னாலேயே போனாள். ஏழு நிமிடம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

“வாங்கிட்டாளா?”

“வாங்கிட்டா. நம்பல.”

எட்டு மணிக்குக் கடை திறந்ததும் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தேன். கப்பியைக் கழற்றி உள்ளே வைத்தேன். கிணற்றின் மேல் இரும்பு வலை மூடியைத் தள்ளிப் பூட்டினேன். பூட்டுமுன் குனிந்து உறைகளை எண்ணினேன்: பதினாறு உறைக்குத் தண்ணீர். இந்த ஏப்ரலில் இந்தப் பகுதியில் வேறு யாரிடமும் அவ்வளவு தண்ணீர் இல்லை.

ஜூனில் பாய் போட்ட குழாயிலிருந்து அன்று வாங்கிய பூட்டு வரை, மூன்று இறைப்பு, மூன்று பரிசோதனை, புது மணல், தொண்ணூற்றொரு கேன், ஒரு டப்பா வெள்ளை, ஒரு டப்பா சிவப்பு, யாரும் நம்பாத ஒரு பலகை எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து ரூபாய்.